இன்னானட்டு சாரும் மூன்றாம் ஓலையும்

பிராங்ளின் சார் வருகிறார் என்றால் குன்னூர் மார்க்கெட்டில் கடைக்காரர்கள் போர்டைத் துணி போட்டு மூடாத குறைதான். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் இருக்கும். வர்க்கி விற்கிற பேக்கரியின் கண்ணாடியில் 'இன் சண்டே லீவ்' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தால், கடைக்காரரை ஒரு வார்த்தை கேட்க மாட்டார். மூடியைக் கழற்றுவார், 'இன்'னை அடிப்பார், மேலே 'ஆன்' என்று எழுதுவார். அப்புறம் உள்ளே போய், "அரைக் கிலோ வர்க்கி குடுங்க" என்பார். "கிழமைக்கு முன்னால ஆன். எத்தனை தடவை சொல்றது?" என்று ஒரு முறைப்பு வேறு. பேக்கரி லிங்கசாமி அவர் தலை மறைகிற வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார். மறைந்த பிறகு, "எங்கடையில வர்க்கி வாங்கறவன் கிராமர் பாத்தாய்யா வாங்கறான்?" என்று அடுத்த கடைக்காரரிடம் கொட்டித் தீர்ப்பார்.

சாருக்கு அதெல்லாம் காதில் விழாது. விழுந்தாலும், லிங்கசாமி திட்டின திட்டில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை தப்பாக இருந்தால் அது மட்டும்தான் விழும்.

முப்பது வருஷத்துக்கு மேலாக ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கினவர்கள், மீதிப் பேர் பேச்சு வாங்கினவர்கள். நாளெல்லாம் 'இன், ஆன், அட்' என்று கத்திக் கத்தி, 'இன்னானட்டு சார்' என்றே பேர் நிலைத்துவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டில் போய் பிராங்ளின் சார் வீடு என்று கேட்டால் யோசிப்பார்கள். இன்னானட்டு சார் வீடு என்றால், "பாத்துப் போங்க" என்று வழி சொல்வார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, சொல்லிக்கொடுப்பதில் மனுஷன் கெட்டிக்காரர். "தமிழ்ல 'மேசை மேல'ன்னு சொல்றோம். மேசை முன்னால வருது, 'மேல' பின்னால வருது. இங்கிலீஷ்ல அப்படியே தலைகீழ். 'ஆன்' முன்னால வந்து நிக்கும், டேபிள் பின்னால வரும். முன்னால நிக்கறதாலதான் அதுக்கு ப்ரிபொசிஷன்னு பேரு. ஊருக்கு இன், கிழமைக்கு ஆன், மணிக்கு அட். இன் குன்னூர், ஆன் மண்டே, அட் எய்ட் ஓ க்ளாக்" என்று அவர் போர்டில் எழுதினால் மக்குப் பையனுக்கும் ஏறிவிடும். ரெண்டு வருஷமாக ஒரு இடத்தில் இருந்தால் 'ஃபார் டூ இயர்ஸ்', ஒரு வருஷத்தைச் சொல்லி அதிலிருந்து என்றால் 'சின்ஸ்'. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் 'அபவுட்' போடவே கூடாது. போட்டவன் வகுப்பு முடிகிற வரை பெஞ்சு மேலே நிற்க வேண்டும்.

ஆனால் மலைப் பிள்ளைகளுக்கு மேலே, கீழே என்கிற இரண்டைத் தவிர வேறு திசை ஏது? பக்கத்து வீடு இங்கே பக்கத்திலா இருக்கிறது? படி ஏறினால் மேல் வீடு, படி இறங்கினால் கீழ் வீடு. அப்பா கோயம்புத்தூர் போயிருந்தால் 'கீழ போயிருக்காங்க'. புஸ்தகத்தில் ஒரு தெருப் படத்தைக் காட்டி, தபாலாபீஸ் எங்கே என்று கேட்டால், 'நெக்ஸ்ட் டு' என்று எழுத வேண்டிய இடத்தில் மொத்த வகுப்பும் 'அபவ்' என்று எழுதி வைக்கும். வேறொருவராக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சார் அந்தப் பேப்பர்களைக் கிழித்து ஜன்னலுக்கு வெளியே எறிவார். அது பள்ளிக்குக் கீழே இருக்கிற தேயிலைக்குள் போய் விழும். எழுதினவன் மழையில் இறங்கிப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். இப்படி ஒரு வாத்தியாரை எவன் விரும்புவான்?

அவரும் இப்படியே பிறந்துவிடவில்லை. சோலூரில் காரட் போடுகிற குடும்பம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஊட்டியில் காலேஜ் சேர்ந்த முதல் வாரம், இங்கிலீஷ் லெக்சரர் எழுப்பி ஏதோ கேட்க, இவர் 'வீ டிஸ்கஸ்டு அபவுட் இட்' என்று ஆரம்பித்தார். லெக்சரர் சிரித்தார். லெக்சரர் சிரித்ததும் வகுப்பே சிரித்தது. மணி அடிக்கிற வரை அந்தத் தப்பான வாக்கியத்தையே திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார் அந்தப் புண்ணியவான். அந்த வருஷம் பிராங்ளின் இலக்கணம் படித்தது படிப்பே இல்லை, பழி தீர்க்கிற வெறி. அந்த லெக்சரர் எப்போதோ ரிட்டயராகிப் போய்விட்டார். பழி மட்டும் ஊர் மேலே திரும்பிவிட்டது.

முதலில் மாட்டினவள் பெண்டாட்டி லோயிஸ். கல்யாணமான புதிதில் ஆசையாக இங்கிலீஷில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து சொன்னாள். அதில் இரண்டு தப்பு கண்டுபிடித்துக் கொடுத்தார். அன்றைக்கு வாயை மூடினவள், அதற்கப்புறம் புருஷனிடம் ஒரு 'தேங்க் யூ' கூடச் சொன்னது கிடையாது. கோயம்புத்தூர்த் தமிழ் போதும் அவளுக்கு. "ஏனுங்க, சாப்பாடு எடுத்து வெக்கட்டுங்களா?" அதோடு சரி.

மாட்டினதில் தப்பிக்கவே முடியாமல் போனது மகள் ஷைனா. ஒற்றைப் பெண். சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷ்தான் பேச வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். குழம்பு வேண்டும் என்றாலும் சரியாகக் கேட்டால்தான் கிடைக்கும். ஒன்பது வயதில் ஒரு நாள், ஸ்கூல் டூருக்கு அனுப்ப மாட்டேன் என்று அவர் சொல்லிவிட, குழந்தை கண்ணெல்லாம் சிவந்து, தட்டைத் தள்ளிவிட்டு, "ஐ ஆம் ஆங்ரி ஆன் யூ!" என்று கத்தினாள். சார் ரசத்தை உறிஞ்சிவிட்டு, "ஆங்ரி வித் யூ" என்றார். "ஆள் மேல கோவம்னா வித். திருப்பிச் சொல்லு."

"ஏனுங்க, புள்ளை அழுவுதுங்க" என்றாள் லோயிஸ்.

"அழுதுட்டே சரியாச் சொல்லட்டும்."

சொன்னாள். வேறு என்ன செய்வாள்? டூருக்கு அனுப்பினாரா என்றால், இல்லை.

சர்ச்சிலாவது சும்மா இருப்பாரா என்றால் அங்கேதான் ஆட்டம் அதிகம். அவர்கள் குடும்பம் எட்டு மணி இங்கிலீஷ் ஆராதனைக்காரர்கள். ஆயர் ஜஸ்டஸ் நல்ல மனுஷன், தங்கமானவர், ஆனால் அவருடைய இங்கிலீஷ் பிரேக் பிடிக்காத ஜீப் மாதிரி போய்க்கொண்டே இருக்கும். அறிவிப்பு வாசிக்கும்போது நடுவில் சார் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்து நின்று, "ஐயா, ஒரு சின்னத் திருத்தம்" என்பார். நோயாளிகளுக்காக ஜெபம் என்றால் 'ஃபார் தி சிக்', 'டு தி சிக்' கிடையாது என்று ஒருமுறை ஜெபத்தின் நடுவிலேயே திருத்தினார். ஜெபம் செய்துகொண்டிருந்த ஆயம்மாள் பாட்டி கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு ஆமென் சொல்லாமலே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சபைக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. அப்புறம் அதுவே வேடிக்கையாகிவிட்டது. சார் எழுந்தாலே பின்வரிசைப் பிள்ளைகள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். ஆயரும் சிரித்துக்கொண்டே, "ரைட்டுங்க சார், நோட் பண்ணிக்கிட்டேன்" என்று சமாளித்துவிடுவார். தன்னை எல்லாரும் மதிக்கிறார்கள் என்றுதான் சார் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம்!

ஷைனா பி.காம் முடித்தாள். குன்னூரில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலைக்கு இன்டர்வியூ. இங்கிலீஷ் வாத்தியார் மகள், கேட்கவா வேண்டும் என்று ஊரே நினைத்தது. உள்ளே போனவளுக்கு வாயே திறக்கவில்லை. மேனேஜர் கேட்கிறார், இவளுக்குப் பதில் தெரிகிறது, ஆனால் இன்னா, ஆனா, அட்டா என்று முடிவு பண்ணுவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார். இரண்டாவது ஹோட்டலிலும் அதே கதை. வீட்டில் வந்து அவள் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

ஒரு வருஷம் கழித்து, பஸ் ஸ்டாண்ட் சுவரில் புதிதாக ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். 'ஜாயின் டு அவர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்' என்று கொட்டை எழுத்தில். சாருக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. ஜாயினுக்குப் பின்னால் 'டு' எங்கேயடா வந்தது! மார்க்கரை எடுத்தார், பெஞ்சு மேல் ஏறினார், சுற்றி நிற்கிறவர்கள் பார்க்கப் பார்க்க அந்த 'டு'வை அழுத்தி அடித்தார். அடித்துவிட்டுப் பின்னால் நகர்ந்து பார்த்தபோதுதான் படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்தார். படத்துக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தது: 'இப்ப நான் பயமில்லாமப் பேசறேன். ஷைனா, குன்னூர்.'

"சார், நம்ம பாப்பாதானுங்களே இது?" என்றார் பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர். சார் பெஞ்சிலிருந்து இறங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சண்டை என்று சொல்ல முடியாது, ஒருவர்தான் கத்தினார். "என் பொண்ணு! என் பொண்ணு போயி, தப்புத் தப்பா பேனர் அடிக்கறவன்கிட்ட இங்கிலீஷ் படிச்சிருக்கா! இந்த ஊர்ல இனி எப்படித் தலை காட்டறது?"

ஷைனா நிதானமாகச் சொன்னாள். "அங்க தப்பாப் பேசினா யாரும் நிறுத்த மாட்டாங்கப்பா. பேசி முடிக்கற வரைக்கும் கேப்பாங்க. அதனாலதான் எனக்குப் பேச்சே வந்துச்சு. இப்ப அங்கயே நான் வகுப்பு எடுக்கறேன்."

"யாரு அவன்?"

"ஷிஜோ. பந்தலூர்க்காரரு. உங்க ஸ்டூடன்ட்தான், மறந்துட்டீங்களா?"

மறப்பாரா? பள்ளி ஹாஸ்டலில் தங்கிப் படித்தவன், பத்தாவதில் எத்தனை முறை பெஞ்சு மேல் நின்றவன்! இங்கிலீஷில் ஃபெயிலாகி, அட்டெம்ப்ட் எழுதிப் பாஸ் பண்ணினவன். அவன்தான் மேல் பஜாரில் மாடி பிடித்து, 'கிராமர் வேண்டாம், வாயைத் திறந்தாப் போதும்' என்று விளம்பரம் பண்ணி, ஹோட்டல் பையன்களையும் டாக்ஸி டிரைவர்களையும் சேர்த்துப் பணம் பார்க்கிறவன். சாருக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊருக்கே தெரியும்.

அந்த ஷிஜோதான் ஒரு சனிக்கிழமை சட்டையை இன் பண்ணிக்கொண்டு, பழக்கூடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். பெண் கேட்க வந்திருக்கிறான். தைரியம்தான். லோயிஸ் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். சாருக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்து, "சார், ஐ வான்ட் டு மேரி வித் யுவர் டாட்டர்" என்றான்.

லோயிஸ் காப்பித் தட்டை மேசையில் வைத்தாள். ஷைனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மேரிக்கு அப்புறம் வித் வராது" என்றார் சார். "ப்ரிபொசிஷனே வராது. இது பத்தாவதுலயே சொல்லிக்குடுத்தேன்."

ஷிஜோ சிரித்துவிட்டான். அவன் சுபாவம் அது. "ப்ரிபொசிஷன் வேண்டாம் சாரே. அது இல்லாமலே கட்டிக்கிறேன்."

சார் பழக்கூடையைத் தூக்கி வாசல்படியில் வைத்தார். "எந்திரி. வெளிய போ. இந்த ஊட்டுப் படிய இன்னொரு தடவை மிதிச்சே, நடக்கறதே வேற."

அவன் போனான். போகும்போது லோயிஸைப் பார்த்து, "வரட்டுமா அத்தே" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அந்த 'அத்தே' வேறு சாருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

அதற்கப்புறம் அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. ஷைனா சத்தம் போடாமல் காரியத்தைப் பார்த்தாள். ஆயரிடம் போய் ஓலைக்குக் கொடுத்துவிட்டாள். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, ஆராதனையில் மணமக்கள் பேரை வாசித்து, இவர்களைச் சேர்த்து வைக்கக் கூடாது என்பதற்கு யாருக்காவது காரணம் தெரிந்தால் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள். மூன்று ஓலையும் தடையில்லாமல் முடிந்தால் கல்யாணம்.

சார் ஆயர் வீட்டுக்கு ஓடினார். ஜஸ்டஸ் ஐயா காப்பி கொடுத்து உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "பொண்ணுக்கு இருபத்திமூணு வயசாச்சுங்க சார். ஏற்கெனவே கல்யாணமானவன், அப்படி இப்படின்னு ஏதாவது காரணம் இருந்தாச் சொல்லுங்க, விசாரிக்கறேன். உங்களுக்குப் பிடிக்கலைங்கறது ஒரு காரணம் இல்லீங்களே."

காரணம் இல்லை. ஆனால் வேறொரு வழி இருந்தது, அதை லோயிஸே வாய் தவறிச் சொல்லிவிட்டாள். ஷிஜோவின் அம்மா எல்சா பழைய காலத்து மனுஷி. பெண்ணைப் பெற்றவன் மனசில்லாமல் கொடுக்கிற பெண்ணை நான் எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். அப்பா முன்கோபக்காரர், மற்றபடி சம்மதம்தான் என்று ஷைனா அவளுக்குச் சொல்லி வைத்திருக்கிறாள். சார் தன்னைத் துரத்தியதை ஷிஜோவும் அம்மாவிடம் மூச்சு விடவில்லை. மூன்றாம் ஓலைக்கு எல்சா பந்தலூரிலிருந்து சொந்தபந்தத்தோடு இந்த சர்ச்சுக்கு வரப்போகிறாள்.

போதாதா! அவ்வளவு பேருக்கு நடுவில் எழுந்து நின்று, எனக்குச் சம்மதமில்லை என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எல்சா கூட்டத்தோடு கிளம்பிவிடுவாள், கல்யாணம் அங்கேயே முறிந்துவிடும். மகள் அழுவாள். அழட்டும். நாலு நாள் அழுவாள், அப்புறம் சரியாகிவிடுவாள். அவருடைய கணக்கு அவ்வளவுதான். முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் மனுஷன் பாறாங்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தார். சார் சமாதானமாகிவிட்டார் என்று ஆயரும் நினைத்துக்கொண்டார். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, 'ஐ அப்ஜெக்ட் டு திஸ் மேரேஜ்' என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அப்ஜெக்ட் என்றால் டு. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மூன்றாவது ஞாயிறு நல்ல பனி. பந்தலூர்க்காரர்கள் வேன் வைத்துக்கொண்டு வந்து, ஸ்வெட்டரும் சால்வையுமாகப் பின்வரிசைகளை நிறைத்துவிட்டார்கள். எல்சா பட்டுச் சேலை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஷைனா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில். லோயிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு. பாட்டு, ஜெபம், வேதபாடம், பிரசங்கம் எல்லாம் முடிந்து, ஆயர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, 'மேரேஜ் பிட்வீன்' என்று இங்கிலீஷில் ஆரம்பித்துப் பேர்களை வாசித்தார். மூன்றாம் முறையாகவும் கடைசி முறையாகவும் கேட்கிறேன் என்றார். தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்றார்.

பிராங்ளின் சார் எழுந்து நின்றார்.

"ஐயா..." என்று ஆரம்பித்தார்.

பின்னால் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். அதைக் கேட்டு அவன் அக்கா சிரித்தாள். ஆயர் தலையைத் தூக்கிப் பார்த்தார். சாரைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டாருங்க! ரெண்டு வாரமா சார் எந்திரிக்கலையேன்னு எனக்குக் கவலையாப் போச்சு. இன்னிக்கு என்னங்க சார், 'பிட்வீன்' போட்டதுல தப்பா?" என்று தமிழிலேயே கேட்டார்.

சர்ச்சே கொல்லென்று சிரித்தது.

"இல்லை, ஐ அப்ஜெக்ட் டு..."

"டு தானுங்க சார்! டு தான்! நோட் பண்ணிக்கிட்டேன்!"

இப்போது பந்தலூர்க்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள். சாரின் புகழ் அவர்கள் காதுக்கும் போயிருந்தது போல. எல்சா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். ஆயம்மாள் பாட்டி பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். சாருக்குக் காது அடைத்துக்கொண்டது. ஊட்டிக் காலேஜின் அந்த வகுப்பறை எங்கேயோ போய்விடவில்லை, இதோ இங்கேயே இருந்தது. "நான் தமாஷுக்குச் சொல்லலை! கேளுங்கய்யா! எனக்கு..." என்று அவர் கத்தினார். கத்தினதும் சிரிப்பு இன்னும் கூடியது. ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பாட்டு நம்பரைச் சொன்னார். ஆர்கன் ஆரம்பித்தது. பாட்டுக்காக எல்லாரும் எழுந்து நின்றார்கள். நின்றுகொண்டிருந்த சார், நிற்கிற நூறு பேரில் ஒருத்தர் ஆகிப்போனார்.

சிரிக்காத முகம் ஒன்றே ஒன்று இருந்தது. ஷைனா திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிற வரை பார்வையை எடுக்கவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே காப்பி கொடுத்தார்கள். எல்சா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு நேரே வந்து, சாரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தாள். "என்டெ கர்த்தாவே! சார் எந்திரிச்சதும் எனக்கு உசிரே போயி. அப்புறமாத்தான் தமாஷுன்னு தெரிஞ்சுது. இப்படிச் சிரிக்க வைக்கற சம்மந்தி எவளுக்குக் கிடைக்கும்!"

சார் வாயைத் திறந்தார். இதுதான் சமயம். ஒரே ஒரு வார்த்தை.

"அத்தே, உங்களை ஷிஜோ கூப்பிடறாரு" என்று ஷைனா நடுவில் வந்தாள். எல்சா வேன் பக்கம் போனாள். ஷைனா அப்பா எதிரில் நின்றாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இப்போதுதான் அவரிடம் பேசினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்க எதுக்கு எந்திரிச்சீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா. அவங்க அதோ நிக்கறாங்க. போய்ச் சொல்லணும்னா இப்பவே போய்ச் சொல்லுங்க. நான் தடுக்க மாட்டேன். சொன்னா இந்தக் கல்யாணம் நின்னுரும். ஆனா அதுக்கப்புறம் உங்களுக்குப் பொண்ணுன்னு ஒருத்தி இல்லை."

சார் வேனைப் பார்த்தார். பனிக்குள் எல்சாவின் பட்டுச் சேலை தெரிந்தது. பத்தடி நடந்தால் போதும். நூறு பேருக்கு முன்னால் எழுந்து நிற்கத் தெரிந்த மனுஷனுக்கு, மகள் கண் முன்னால் அந்தப் பத்தடி நடக்கத் துணிச்சல் வரவில்லை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

ஷைனா காத்திருந்தாள். அவர் போக மாட்டார் என்று தெரிந்ததும் ஒரு பெருமூச்சு விட்டாள். அவளுக்கு மனசு இளகிவிட்டது என்று சார் நினைத்தார். "ஷைனா, இங்க பாரு, அப்பா சொல்றதைக்..."

"கல்யாணத்தன்னிக்கும் ஆயர் இதே கேள்வியை இன்னொரு தடவை கேப்பாரு" என்றாள் அவள். "நீங்க முன்வரிசையில உக்காந்திருப்பீங்க. எந்திரிப்பீங்களோ மாட்டீங்களோன்னு நடுங்கிக்கிட்டே என்னால மாலையோட நிக்க முடியாது. சின்ன வயசுலருந்து உங்க முன்னால வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி நடுங்கினது போதும்ப்பா. நீங்க கல்யாணத்துக்கு வர வேண்டாம். என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போக சின்னராஜ் மாமாகிட்டச் சொல்லிட்டேன்."

சின்னராஜ் லோயிஸின் தம்பி. அக்கா வீட்டுக்கு வந்தால் சாருக்குப் பயந்து வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போகிற ஆள்.

"நான் உன்னைப் பெத்தவன்டி" என்றார் சார்.

"தெரியும்" என்றாள் ஷைனா. திரும்பிப் படி இறங்கினாள்.

சார் தன் பக்கத்தில் நின்ற லோயிஸைப் பார்த்தார். வழக்கமாக அவர் முன்னால் நடப்பார், அவள் பைபிளையும் குடையையும் தூக்கிக்கொண்டு பின்னால் வருவாள். "வா, போலாம்" என்றார்.

லோயிஸ் அவர் பைபிளை அவர் கையிலேயே கொடுத்தாள். "நீங்க போங்க" என்றாள். தூறல் விழ ஆரம்பித்திருந்தது. குடையை விரித்துக்கொண்டு மகள் பின்னால் கீழே இறங்கிப் போனாள்.